ஜீவ ரசாயனமும் ஜீவனமும்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் நம் வீடுகளில் வெயிலைக் காட்டிலும் உஷ்ணமாய் இருப்பது ஒன்று உண்டு. அது தகப்பனார்களின் தலை. "எந்தக் கலாசாலை? எந்தப் பாடம்? எவ்வளவு செலவு?" என்ற மூன்று கேள்விகளும் காலைக் காப்பியுடன் ஆரம்பித்து இரவு சாப்பாடு வரையில் ஓய்வதில்லை. நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. "கடன் வாங்கிப் படிக்க வைத்தால், அந்தக் கடனை அடைக்கிற சம்பளம் அந்தப் படிப்பினால் வருமா?" என்பதே அது.

சில நாட்களுக்கு முன் நமக்கு மிகவும் வேண்டிய நண்பர் ஒருவர் தம் குமாரியுடன் வந்தார். நண்பர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கர். வயது ஐம்பத்துநாலு. ஐம்பத்தெட்டில் ஓய்வு, பென்ஷன் கிடையாது. குமாரி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கித் தேறியிருக்கிறாள். வைத்தியக் கலாசாலையில் இடம் கிடைக்கவில்லை. அதற்காக அவள் கண்ணீர் விட்டதாகவும் தெரியவில்லை. தனக்கு வேண்டியது ஜீவ ரசாயனந்தான் என்று நிச்சயமாகச் சொல்கிறாள். இந்நாளில் பாடப் புத்தகங்களில் 'உயிர் வேதியியல்' என்று அழைக்கப்படும் சாஸ்திரம் அது. கோயமுத்தூர்ப் பக்கத்துத் தனியார் கலாசாலை ஒன்றில் இடம் தயாராக இருக்கிறது. சம்பளம், விடுதி, புத்தகம் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்குச் சுமார் ஒன்றரை லக்ஷம் ரூபாய் ஆகும். நண்பரால் ஐம்பதாயிரம் ரூபாய்தான் போட முடியும். மீதி லக்ஷத்துக்குப் பாங்கிக் கடன்.

"நீங்களே சொல்லுங்கள். இந்தப் படிப்பைப் படித்தால் சாப்பாட்டுக்கு வழி உண்டா?" என்று நண்பர் கேட்டார்.

நாம் பதில் சொல்லுமுன் குமாரி குறுக்கிட்டாள். "மாமா! சாப்பாடு உடம்பில் என்ன ஆகிறது என்பதைத்தான் இந்தப் பாடமே சொல்லிக் கொடுக்கிறது. அப்பா அதற்கு வழி உண்டா என்று கேட்கிறாரே!"

பதில் சாதுரியமானதுதான். ஆனால் பாங்கி மானேஜரிடம் செல்லக்கூடியதன்று. ஆகவே மூவரும் உட்கார்ந்து, காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தோம். அன்று போட்ட கணக்கு இன்னும் பல குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்பதனாலேயே இங்கே எழுதுகிறோம்.

முதலில், இந்தச் சாஸ்திரம் இன்னதென்று இரண்டு வார்த்தை. 1897-ஆம் வருஷம் ஜெர்மனியில் எடுவர்ட் புக்னர் என்ற விஞ்ஞானி ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்களை நசுக்கிப் பிழிந்து, உயிரற்ற அந்தச் சாற்றைச் சர்க்கரையுடன் சேர்த்துப் பார்த்தார். சர்க்கரை புளித்துச் சாராயமாயிற்று. நொதித்தலுக்கு உயிருள்ள ஜந்து வேண்டியதில்லை, அதற்குள் இருக்கும் ஒரு பொருளே போதும் என்று அதனால் விளங்கியது. அப்பொருளே நொதி எனப்படுவது. இதற்காக 1907-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. உயிர் என்பது ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் ரசாயனக் காரியங்களின் கூட்டம் என்ற எண்ணம் அதுமுதல் வேரூன்றி, தனிச் சாஸ்திரமாக வளர்ந்தது. இன்று நம் வீட்டுப் பெரியவர்கள் விரலில் ஊசி குத்தி ஒரு துளி ரத்தத்தைக் காகிதத் துண்டில் வைத்து நீரிழிவின் அளவு பார்க்கிறார்களே, அந்தத் துண்டிலே தடவியிருப்பதும் ஒரு நொதிதான். மருந்துத் தொழிற்சாலை, ரத்தப் பரிசோதனைச் சாலை, உணவுத் தொழில், விவசாய ஆராய்ச்சி எல்லாவற்றிலும் இந்தச் சாஸ்திரத்துக்கு இடம் உண்டு. உபயோகமற்ற படிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. உபயோகமான படிப்பெல்லாம் உடனே பணம் தருமா என்பதுதான் கேள்வி.

இனி, கணக்கு.

வருஷத்துக்கு ஒரு லக்ஷமாக மூன்று வருஷத்துக்கு மூன்று லக்ஷம் ரூபாய் கடன். வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். பாங்கிக்குப் பாங்கி இது சற்றுக் கூடும், குறையும். படிக்கும் காலத்திலும், படிப்பு முடிந்த பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது கல்விக் கடனின் பொது விதி. இதைக் கேட்டவுடன் பலர் மனம் குளிர்ந்துவிடுகிறார்கள். தவணை தூங்கினாலும் வட்டி தூங்குவதில்லை. முதல் லக்ஷம் நாலு வருஷத்துக்கு 40,000 ரூபாய் வட்டியைச் சேர்த்துக்கொள்ளும். இரண்டாவது லக்ஷம் மூன்று வருஷத்துக்கு 30,000. மூன்றாவது இரண்டு வருஷத்துக்கு 20,000. ஆகமொத்தம், முதல் தவணை கட்டுகிற நாளில் மூன்று லக்ஷம் என்பது 3,90,000 ரூபாயாகப் பெருத்து நிற்கும்.

அதை ஏழு வருஷத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 6,475 ரூபாய். ஏழு வருஷமும் கட்டி முடித்தால் மொத்தம் ஏறக்குறைய 5,44,000 ரூபாய் ஆகும். "இவ்வளவு முடியாது, பதினைந்து வருஷம் கொடுங்கள்" என்று கேட்டால் பாங்கி மறுக்காது. மாதத் தவணை சுமார் 4,190 ரூபாயாக இறங்கும். ஆனால் மொத்தத்தில் கட்டுவது 7,54,000 ரூபாய்க்கு மேல் ஏறிவிடும். மூன்று லக்ஷத்தை வாங்கி ஏழரை லக்ஷத்தைக் கொடுப்பதை நம் பாட்டனார்கள் வேறு பெயரால் அழைத்திருப்பார்கள்.

நண்பர் இந்த எண்களை எழுதிக்கொண்டு வந்தவர், வருஷங்களைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூன்று வருஷப் படிப்பு, ஒரு வருஷத் தவணை விலக்கு. ஆக நாலு வருஷம். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கம்பெனி மாலை போட்டு அனுப்புகிற அதே சமயத்தில் பாங்கியின் முதல் தவணை வீட்டு வாசலில் நிற்கும்! கல்விக் கடனில் பிள்ளையுடன் தாயோ தகப்பனோ சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதை நேயர்கள் மறக்கக்கூடாது. பெண்ணுக்கு வேலை கிடைக்காவிட்டால் தவணை யாரைத் தேடி வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வேலை கிடைத்தால்? ஜீவ ரசாயனத்தில் பி.எஸ்ஸி. மட்டும் தேறியவர்களுக்கு நம் மாகாணத்தில் திறந்திருக்கும் வாசல்கள் எவை என்று பார்த்தால், மருந்துத் தொழிற்சாலைகளில் தரம் சோதிக்கும் வேலை ஒன்று. தனியார் ரத்தப் பரிசோதனைச் சாலைகள் மற்றொன்று. சென்னை, கோயமுத்தூர், திருச்சி முதலிய ஊர்களில் ஆயிரக்கணக்கான பட்டதாரிகளை எடுத்துக்கொள்ளும் 'மெடிக்கல் கோடிங்' கம்பெனிகள் மூன்றாவது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோய்க் குறிப்புகளுக்குக் குறியீட்டு எண் போடும் வேலை அது. கௌரவமான வேலைதான், பல குடும்பங்களுக்கு விளக்கேற்றியிருக்கிறது. ஆனால் நொதிகளுக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் மிகச் சொற்பம். அதற்கென்று தனிப் பயிற்சியும் பரீட்சையும் வேறு உண்டு. அதற்கு ஒரு கட்டணமும் உண்டு.

ஆரம்பச் சம்பளம் ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கணக்குக்காக மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். அதில் 6,475 ரூபாய் தவணைக்குப் போனால் மீதி 8,525. அந்நிய ஊரில் ஒரு பெண் வாடகை கொடுத்து, சாப்பிட்டு, பஸ் ஏறி வேலைக்குப் போய்வர அது போதுமா என்பதைக் குடும்பம் நடத்தும் தாய்மார்களே சொல்லட்டும். கடன் மொத்தமும் முதல் வருஷச் சம்பளத்துக்கு மேற்படாமல் இருந்தால் சமாளிக்கலாம் என்று அனுபவஸ்தர்கள் சொல்வது வழக்கம். இங்கே வருஷச் சம்பளம் 1,80,000, கடன் 3,90,000. இரண்டு பங்குக்கும் அதிகம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிப் பரிசோதனைச் சாலையில் வேலை வேண்டும் என்பதே நோக்கமானால், அதற்கென்றே லாபரட்டரி டெக்னீஷியன் படிப்புகள் தனியாக இருக்கின்றன. ஸர்க்கார் ஆஸ்பத்திரி உத்தியோகங்களுக்கு அந்தப் படிப்பைத்தான் கேட்கிறார்கள். ஜீவ ரசாயனப் பட்டம் அதற்கு ஈடாகாமல் போய், பிறகு ஏமாந்தவர்கள் பலர். பள்ளிக்கூட உபாத்தியாயர் வேலைக்குப் போகலாம் என்று நினைப்பவர்களும் அவ்வாறே. தாங்கள் வாங்கப்போகும் பட்டம் ரசாயனப் பட்டத்துக்குச் சமமாக ஒப்புக்கொள்ளப்பட்டதா என்று ஸர்க்கார் உத்தரவைச் சேருமுன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். சேர்ந்த பின் பார்த்துப் பயனில்லை.

"அப்படியானால் இந்தப் படிப்பே வேண்டாம் என்கிறீர்களா?" என்று நண்பர் கேட்டார். பெண்ணின் முகம் வாடிப்போயிற்று.

அப்படி நாம் சொல்லவில்லை. ஜீவ ரசாயனம் தென்னை வைப்பதைப் போன்றது; கீரை விதைப்பதைப் போன்றதன்று. எஞ்சினீயரிங் பட்டதாரிக்கு நாலாவது வருஷத்திலேயே ஒரு கம்பெனி வந்து சம்பளம் பேசிவிடலாம். இந்தச் சாஸ்திரத்திலோ முதல் பட்டம் என்பது வாசற்படி மாத்திரமே. எம்.எஸ்ஸி. தாண்டி, டாக்டர் பட்டமும் பெற்ற பிறகுதான் அசல் உத்தியோகம் கண்ணுக்குத் தெரிகிறது. பணம் கொழிக்கும் அமெரிக்காவிலும் நிலைமை இதுவே. அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவர இலாகாவின் 2023-ஆம் வருஷத்து மே மாதக் கணக்குப்படி, ஜீவ ரசாயன, ஜீவ பௌதிக நிபுணர்களின் நடுத்தரச் சம்பளம் வருஷத்துக்கு 1,07,460 டாலர். ஆனால் அந்த வேலைக்குச் சாதாரணமாக டாக்டர் பட்டம் தேவை. வெறும் பி.எஸ்ஸி.யுடன் ஆராய்ச்சிச் சாலையில் கையாளாக வேலை பார்க்கும் ஜீவ விஞ்ஞான டெக்னீஷியன்களுக்கு அதே கணக்கில் சுமார் 51,000 டாலர், அதாவது பாதிக்கும் குறைவு. படிப்பின் பலன் பின்னால் வருகிறது; கடனின் தவணையோ முன்னால் வருகிறது. சங்கடம் முழுவதும் இந்தக் கால வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இதைப் பேசும்பொழுது நமக்கு எல்லாப்ரகட சுப்பாராவின் நினைவு வராமல் இருக்க முடியவில்லை. 1895-ல் பீமவரத்தில் பிறந்த அவர், மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை நம் சென்னை ஹிந்து ஹைஸ்கூலிலிருந்து தேறினார். சென்னை வைத்தியக் கலாசாலையில் அவர் படித்தது மாமனாரின் பொருளுதவியால். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு, சத்திர சிகிச்சை அறைக்கும் கதர் அங்கி அணிந்து போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. அதன் பலனாக எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றுதான் கையில் கிடைத்தது. 1923-ல் அமெரிக்கா சென்றபொழுதும் மாமனாரின் பணமும், காக்கிநாடாவைச் சேர்ந்த ஒரு தர்ம ஸ்தாபனத்தின் வாக்குறுதியுந்தான் துணை. பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் இரவு நேரத்து எடுபிடி வேலை செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டார்.

இரண்டு வருஷத்தில், 1925-ல், ஸைரஸ் பிஸ்க் என்பவருடன் சேர்ந்து, உடலின் திரவங்களில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறதென்று அளக்கும் முறையை வெளியிட்டார். உலகமெங்கும் ஜீவ ரசாயன மாணாக்கர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்ற முறை அது. தசைகளின் சக்திக்கு நாணயம் போன்று விளங்கும் ஏ.டி.பி. என்ற பொருளைக் கண்டதிலும் அவருக்குப் பங்குண்டு. ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்த பிறகே கை ஓங்கியது. யானைக்கால் நோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் மருந்தும், ரத்தப் புற்றுநோய்க்கான முதல் மருந்துகளும், ஆரியோமைசினும் அவருடைய தலைமையில் வேலை பார்த்த கூட்டத்தாரிடமிருந்து வந்தவை. 1948 ஆகஸ்டில், ஐம்பத்துமூன்றாவது வயதில், நியூயார்க்கில் காலமானார்.

இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். 1923-ல் கப்பலேறியவர் திரும்பித் தாய்நாட்டை மிதிக்கவேயில்லை. அவருடைய மனைவியார் இருபத்தைந்து வருஷம் இந்தியாவிலேயே காத்திருந்தார். அந்தப் படிப்பின் கடனை மாமனாரின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் தேடினால் போதாது என்று நமக்குத் தோன்றுகிறது.

போகட்டும். இப்பொழுது காலம் மாறியிருக்கிறது. மாமனார் தேவையில்லை. முதல் பட்டத்துக்கு மேல் இந்தச் சாஸ்திரத்தைத் தொடருகிறவர்களுக்குத் தேசமே பணம் கொடுக்கிறது. எம்.எஸ்ஸி. தேறி, சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நடத்தும் 'நெட்' பரீட்சையில் ஜீவ விஞ்ஞானப் பிரிவில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டால், 2023-ஆம் வருஷம் ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து அது 42,000. அதற்கு முன்பே, எம்.எஸ்ஸி. நிலையிலும் பணம் தரும் இடங்கள் உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜீவ ரசாயனத்துக்கு 1921 முதலே தனிப் பகுதி இருக்கிறது. அங்கே பி.எஸ்ஸி. முடித்தவர்களையே 'ஜாம்' பரீட்சை மூலம் எடுத்து, உதவித்தொகையுடன் டாக்டர் பட்டம் வரையில் கொண்டுபோகும் திட்டம் நடக்கிறது. மத்திய ஸர்க்காரின் பயோடெக்னாலஜி இலாகா ஆதரிக்கும் எம்.எஸ்ஸி. வகுப்புகளுக்கும் மாத உதவித்தொகை உண்டு. அதற்குத் தனிப் பரீட்சை வைக்கிறார்கள். அமெரிக்காவிலும்கூட, ஜீவ ரசாயன டாக்டர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்குச் சர்வகலாசாலைகள் பெரும்பாலும் சம்பளத்தைத் தள்ளுபடி செய்து, ஜீவனத்துக்கும் பணம் கொடுக்கின்றன. அங்கே கடன் பூதம் பிடிப்பது இரண்டு வருஷ எம்.எஸ். படிப்புக்குச் சொந்தப் பணத்தில் போகிறவர்களைத்தான்.

ஆனால் நேயர்கள் கிடைக்காத உதவித்தொகையை வரவில் எழுதிவிடக்கூடாது. இப்பரீட்சைகளில் போட்டி மிகக் கடுமை. தேறுகிறவர்கள் எழுதுகிறவர்களில் சிறு பகுதியே. தேறியவர்களுக்கும் பணம் மாதா மாதம் ஒழுங்காக வருவதில்லை என்று ஆராய்ச்சி மாணாக்கர்கள் பலமுறை முறையிட்டிருக்கிறார்கள். வீட்டு வாடகைக்காரருக்கு இந்த விஞ்ஞான நுட்பமெல்லாம் புரிவதில்லை.

இதையும் எண்ணிக்கொண்டு இரண்டாவது கணக்குப் போட்டோம். பி.எஸ்ஸி.க்கு வாங்கிய மூன்று லக்ஷத்துடன், எம்.எஸ்ஸி. இரண்டு வருஷத்துக்கும் வருஷம் 75,000 ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொண்டோம். மேற்படிப்பு முடியும் வரையில் பழைய கடனின் தவணையைப் பாங்கி தள்ளி வைத்தால் (இதை எழுத்து மூலம் கேட்டுப் பெறவேண்டும்), நாலரை லக்ஷம் முதலும் 1,87,500 வட்டியும் சேர்ந்து, கடைசியில் 6,37,500 ரூபாயாக நிற்கும். பத்து வருஷத்துக்கு மாதம் சுமார் 8,425 ரூபாய். மாதம் 37,000 வருகிற ஆராய்ச்சி மாணவிக்கு இது வரவில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு, பொறுத்துக்கொள்ளலாம். பரீட்சையில் தவறி, 15,000 ரூபாய் வேலையில் அமர்ந்தவளுக்கோ பாதிக்கு மேல். ஒரே பெண், ஒரே படிப்பு, ஒரே கடன். ஒரு பரீட்சையின் மூன்று மணி நேரம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

இந்தக் கணக்கிலிருந்து நாம் கண்ட முடிவை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ஜீவ ரசாயனத்தின் முதல் பட்டத்துக்குப் பெருங்கடன் வாங்குவது சரியன்று. அந்த மூன்று வருஷத்தையும் எவ்வளவு குறைந்த செலவில் கடக்க முடியுமோ அவ்வளவு குறைவாகக் கடந்து, கடன் வாங்கும் சக்தியை எம்.எஸ்ஸி.க்காகப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். எம்.எஸ்ஸி.க்கும் பரீட்சை எழுதிப் பெரிய ஸ்தாபனத்தில் இடம் பிடித்தால் அந்தக் கடனும் தேவையில்லாமல் போகலாம். பெயர் பெற்ற கட்டிடங்களும், பளபளப்பான விளம்பரங்களும் பி.எஸ்ஸி. நிலையில் அதிகம் உதவுவதில்லை. ஸர்க்கார் கலாசாலைகள் எல்லாவற்றிலும் ஜீவ ரசாயனம் இல்லை என்பது உண்மைதான். அது இல்லாத இடத்தில் ரசாயனமோ, பிராணி சாஸ்திரமோ, தாவர சாஸ்திரமோ படித்துவிட்டு எம்.எஸ்ஸி.யில் ஜீவ ரசாயனத்துக்கு மாறிக்கொள்ளப் பல சர்வகலாசாலைகள் இடம் கொடுக்கின்றன. ரசாயனத்தை நன்றாகப் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் இதில் பின்தங்குவதாக நாம் கேள்விப்படவில்லை.

கலாசாலையைப் பார்க்கப் போகிறவர்கள் அலங்கார வளைவைப் பார்க்க வேண்டாம், லாபரட்டரியைப் பார்க்கட்டும். நிறமானியும் ஸென்ட்ரிப்யூஜும் எத்தனை இருக்கின்றன, அவை மேஜைமேல் இருக்கின்றனவா அல்லது கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருக்கின்றனவா, மூன்று வருஷத்தில் ஒரு மாணவியின் கையில் பிப்பெட் எத்தனை மணி நேரம் இருக்கும், சென்ற வருஷம் தேறியவர்களில் எத்தனை பேர் எம்.எஸ்ஸி.க்குப் போனார்கள், எங்கே போனார்கள்? இவற்றைக் கேட்டால் சில பிரின்ஸிபால்கள் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். சிலர் காப்பி வரவழைப்பார்கள். காப்பி வந்தால் எழுந்துவிடுவதே உத்தமம்.

கடன் வாங்கியே தீரவேண்டியவர்களுக்கும் சில விஷயங்கள் உண்டு. நாலு லக்ஷம் வரையில் கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக்கூடாது என்பது ரிஸர்வ் பாங்கியின் கட்டளை. "வீட்டுப் பத்திரம் கொண்டுவாருங்கள்" என்று கிளை அதிகாரி கேட்டால் அதை மரியாதையாக ஞாபகப்படுத்தலாம். 2024 நவம்பரில் மத்திய மந்திரிசபை பி.எம். வித்யாலக்ஷ்மி என்ற திட்டத்தை அங்கீகரித்தது. தரவரிசையில் முன்னிற்கும் 860 ஸ்தாபனங்களை முதலில் சேர்த்து, அவற்றில் இடம் பெற்றவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இன்றிக் கடன் கொடுப்பதும், வருஷ வருமானம் எட்டு லக்ஷம் வரையில் உள்ள குடும்பத்தாருக்குப் பத்து லக்ஷம் வரையிலான கடனில் தவணை விலக்குக் காலத்து வட்டியை நூற்றுக்கு மூன்று குறைப்பதும் அதன் அம்சங்கள். வட்டிக் குறைப்பு வருஷத்துக்கு ஒரு லக்ஷம் மாணாக்கர்களுக்கு என்று வரம்பு உண்டு. நம் கணக்கில் அது 90,000 ரூபாய் வட்டியை 63,000 ஆக்கும். ஆகையால் தாம் சேரும் கலாசாலை அந்த ஜாபிதாவில் இருக்கிறதா என்று பார்ப்பது 27,000 ரூபாய் பெறும் காரியம்.

எல்லாவற்றையும்விட எளிய உபாயம் ஒன்று. படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதா மாதம் கட்டிவிடுவது. முதல் வருஷம் மாதம் சுமார் 833 ரூபாய், இரண்டாவது வருஷம் 1,667, பிறகு 2,500. அவ்விதம் செய்தால் கடன் மூன்று லக்ஷத்திலேயே நிற்கும். ஏழு வருஷத் தவணை 6,475-க்குப் பதிலாகச் சுமார் 4,980 ரூபாய் ஆகும். கட்டுவதெல்லாம் சேர்த்துப் பார்த்தால் 35,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். இப்படிக் கட்டுகிறவர்களுக்குப் பல பாங்கிகள் வட்டியிலும் ஒரு சதவீதம் தள்ளுபடி செய்கின்றன. கேட்டால்தான் கொடுப்பார்கள்.

பேச்சின் நடுவே நண்பரின் வாயிலிருந்து ஒரு சமாசாரம் நழுவிவிட்டது. பெண்ணின் கலியாணத்துக்கென்று எட்டு வருஷமாக ஐந்து லக்ஷம் சேர்த்து, தபாலாபீஸில் போட்டு வைத்திருக்கிறார்! மூன்று லக்ஷம் படிப்புக் கடனுக்கு அரைப்பொழுது கணக்குப் போட்டு வியர்த்த மனிதர், ஐந்து லக்ஷத்துக் கலியாணச் செலவுக்கு ஒரு நாளாவது வரவு என்ன என்று கேட்டதுண்டா? நாம் கேட்டோம். நண்பர் சிரித்தார், ஆனால் பதில் சொல்லவில்லை. நம் சமூகத்தில் பந்தலுக்கும் பாயசத்துக்கும் கடன் வாங்குகிறவனைத் தாராள மனத்தான் என்கிறோம், பெண்ணின் படிப்புக்குக் கடன் வாங்குகிறவனைப் பார்த்து, "நாளைக்கு வேறு வீட்டுக்குப் போகிறவள்தானே?" என்கிறோம். டாக்டர் பட்டம் முடிக்க இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதாகும். அதுவரையில் உறவினர்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு எந்தப் பாங்கியிலும் தவணை விலக்குக் கிடையாது. அதையும் இந்தக் கணக்கில் ஒரு வரியாக எழுதிக்கொள்வதே நல்லது என்று நண்பரிடம் சொன்னோம்.

குமாரி இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்தாள். பிறகு மெதுவாக, "அப்பா, நம்ம ஊரிலிருந்து நாற்பது மைலில் ஸர்க்கார் கலாசாலை ஒன்று இருக்கிறதே! அங்கே ஜீவ ரசாயனம் இல்லை, ரசாயனம் இருக்கிறது. தினம் போய்வந்துவிடுகிறேன்" என்றாள்.

"தினம் நாற்பது மைலா? பஸ்ஸிலேயே நாலு மணி நேரம் போய்விடுமே, அம்மா!"

"பஸ்ஸில் படிக்கலாம்" என்றாள் பெண்.

நண்பர் நம்மைப் பார்த்தார். நாம் குறுக்கே பேசவில்லை. தபாலாபீஸ் பணத்தைத் தொடுவதில்லை என்றும், எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைக்கிற நாளில் அதைக் கலியாணத்துக்கென்று சொல்லாமல் 'பெண்ணுக்கென்று' சொல்லிக்கொள்ளலாம் என்றும் அவரே ஒரு சமாதானத்துக்கு வந்தார். கோயமுத்தூர்க் கலாசாலை இடத்தை நிச்சயப்படுத்தப் பணம் கட்டவேண்டிய கடைசி நாள் மறுநாள்தான். கட்டுவதில்லை என்று தீர்மானமாயிற்று. அது சரியான தீர்மானந்தானா என்பது மூன்று வருஷம் கழித்து, 'ஜாம்' பரீட்சையின் முடிவு வெளிவரும் நாளில் ஒருவாறு தெரியும். நமக்கும் மனத்தில் சிறிது சஞ்சலம் இல்லாமலில்லை.

அவர்கள் புறப்படும்பொழுது, நண்பர் கொண்டுவந்திருந்த பாங்கி விண்ணப்பத் தாள் மேஜைமேல் கிடந்தது. பெண் அதைத் திருப்பிப் போட்டு, வெறுமையாயிருந்த பின்பக்கத்தில் காலை ஐந்தே முக்கால் பஸ், ஆறு இருபது பஸ் என்று நேரங்களைக் குறித்துக்கொண்டிருந்தாள்.